வாசலிலிருந்து எத்தனை நிமிடம்?



இந்த அறக்கட்டளையை நிறுவிய பெரியவர் நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்து வேலையைத் தொடங்கியவர் என்று அறிந்தேன். அளவையே வாழ்க்கையாக இருந்தவரின் நினைவில் நடக்கும் சொற்பொழிவில் அளவையைப் பற்றியே பேச விரும்புகிறேன். பள்ளிக்கூடம், ஆரம்ப சுகாதார நிலையம், ரேஷன் கடை, அங்கன்வாடி, பஸ் நிறுத்தம், விளையாட்டுத் திடல் இவையெல்லாம் ஒரு வீட்டு வாசலிலிருந்து எத்தனை நிமிடம்? இன்று மின்வரைபடத்தைக் கொண்டு ஊர் ஊராக, தெருத் தெருவாக இதைக் கணக்கிட்டுவிடலாம். ஆனாலும் பல இடங்களில் இன்னும் வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்து, அதைச் சுற்றி வட்டம் போட்டு, வட்டத்துக்குள் விழுந்த ஊருக்கெல்லாம் வசதி கிடைத்துவிட்டது என்று எழுதிவிடுகிறார்கள். அந்த வட்டத்தைக் கைவிட வேண்டும் என்று வாதாடவே வந்திருக்கிறேன்.

கைவிட்டவர்கள் முன்பே இருந்தார்கள். 1854இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது, மருத்துவர் ஜான் ஸ்னோ இறப்புகளை வீடுவாரியாகக் குறித்து, பிராட் தெருவின் அடிபம்பே காரணம் என்று காட்டிய கதை பொதுச் சுகாதாரம் படித்த எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாதது, 1855இல் விசாரணைக் குழுவின் அறிக்கைக்காக அவர் திருத்தி வரைந்த வரைபடம். அதில் ஒரு புள்ளிக்கோடு வளைந்து நெளிந்து போகிறது. பிராட் தெரு பம்புக்கும் சுற்றியிருந்த மற்றப் பம்புகளுக்கும் தூரம் சமமாக இருக்கும் இடங்களை இணைக்கும் கோடு அது. கோட்டுக்கு உள்ளே குடியிருந்தவருக்குப் பிராட் தெரு பம்பு கிட்டே. வெளியே இருந்தவருக்கு வேறொன்று கிட்டே. அந்தத் தூரத்தை ஸ்னோ அளவுகோலை நேராக வைத்து அளக்கவில்லை. வாளியோடு தண்ணீருக்குக் கிளம்பும் ஒருவர் எந்தச் சந்தில் திரும்பி எந்தத் தெருவில் ஏறுவாரோ, அந்த வழியே அளந்தார். இறப்புகள் பெரும்பாலும் கோட்டுக்குள்ளேயே விழுந்தன.

ஸ்னோ கையால் செய்ததைக் கணினி செய்வதற்கான வழி நூறு ஆண்டுகள் கழித்து வந்தது. 1956இல் ஆம்ஸ்டர்டாமில், வருங்கால மனைவியோடு கடைத்தெருவுக்குப் போன எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, காப்பி குடிக்க உட்கார்ந்த 20 நிமிடத்தில், காகிதமும் பென்சிலும் இல்லாமல், இரண்டு ஊர்களுக்கு இடையே மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிக்கும் முறையை மனத்துக்குள்ளேயே உருவாக்கினார். 1959இல் அது அச்சானது. கைபேசியில் வழி கேட்கும்போது நமக்குப் பதில் சொல்வது அந்த முறையும் அதன் வழிவந்தவையும்தான்.

அது வேலை செய்யும் விதம் எளிது. தெருக்கள் சந்திக்கும் இடங்கள் முடிச்சுகள். இரண்டு முடிச்சுகளுக்கு இடையிலுள்ள தெரு ஒரு இழை. ஒவ்வொரு இழைக்கும் நடக்க ஆகும் நேரம் ஒரு விலை. சுகாதார நிலையம் இருக்கும் முடிச்சில் தொடங்கினால், மடை திறந்த தண்ணீர் கிளைவாய்க்கால்களில் பரவுவதுபோலக் கணக்கு பக்கத்து முடிச்சுகளுக்கு ஓடுகிறது. 15 நிமிடத்தில் எங்கெல்லாம் போய் நிற்கிறதோ அந்த முனைகளை இணைத்தால் ஒரு சமநேரக் கோடு கிடைக்கும். அது வட்டமாக வருவதே இல்லை. பெரிய சாலை போகும் திசையில் நீண்டும், ஆறோ தண்டவாளமோ மதில்சுவரோ குறுக்கிட்ட இடத்தில் உள்வாங்கியும் கிடக்கும்.

சென்னையில் இதைப் பார்க்க மேற்கு மாம்பலத்துக்குப் போனால் போதும். தி. நகருக்கும் அதற்கும் இடையே தாம்பரம் மின்ரயில் பாதை. நேர்க்கோட்டில் பார்த்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நடப்பவருக்கோ, ரயில் நிலைய மேம்பாலமும் துரைசாமி சுரங்கப்பாதையும் இன்னும் சில கடவுகளும்தான் வழி. மேம்பாலத்தில் படிக்கட்டு ஏறுகிற இடத்தில், சக்கர நாற்காலியில் போகிறவருக்கு அந்த வழி அறுந்துவிடுகிறது. அதே தெரு, அதே தூரம், ஆனால் இரண்டு பேருக்கு இரண்டு வரைபடங்கள். கனமழை கொட்டி, சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்று, தடுப்பு வைத்து மூடினால் மூன்றாவது வரைபடம் வருகிறது. ஒரு நகரத்தின் மருத்துவமனைகளை எத்தனை பேர் எட்ட முடியும் என்ற கணக்கை வறண்ட நாளுக்கு மட்டும் போட்டுவைத்தால் சென்னைக்கு அது அரைக் கணக்கு. சுரங்கப்பாதை இழைகளை அழித்துவிட்டு அதே கணக்கை மறுபடி ஓட்டச் சில நிமிடங்களே ஆகும். எந்தத் தெருக்கள் ஆம்புலன்ஸுக்குத் தொலைவாகிப் போகின்றன என்பது மழைக்கு முன்பே தெரிந்துவிடும்.

நம் சட்டங்களும் பதிவேடுகளும் தூரத்தை எப்படிப் பார்க்கின்றன? ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சமவெளியில் 30,000 பேர், மலைப்பகுதியிலும் பழங்குடிப் பகுதியிலும் 20,000 பேர் என்று மக்கள்தொகையை வைத்து விதி. அந்த 30,000 பேர் எங்கே சிதறிக் கிடக்கிறார்கள் என்பது விதிக்குள் வருவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேட்டைப் புரட்டினால் ஒவ்வொரு கிராமத்துக்கும் வசதிகளின் பட்டியல் இருக்கும். கிராமத்தில் ஒரு வசதி இல்லாவிட்டால், அது கிடைக்கும் இடம் 5 கிலோமீட்டருக்குள் இருந்தால் ஓர் எழுத்து, 5 முதல் 10 வரை இன்னோர் எழுத்து, 10க்கு மேல் மூன்றாவது எழுத்து. லட்சக்கணக்கான கிராமங்களுக்கு இப்படி ஒரு பதிவு இருப்பதே பெரிய சொத்து. அதைத் திரட்டிய ஊழியர்களை வணங்குகிறேன். ஆனால் அரை கிலோமீட்டர் நடக்கும் கர்ப்பிணிக்கும் நாலரை கிலோமீட்டர் நடக்கும் கர்ப்பிணிக்கும் அங்கே ஒரே எழுத்துதான்.

கல்வி உரிமைச் சட்டம் இந்த விஷயத்தில் கண் திறந்து எழுதப்பட்டது. 2010இல் மத்திய அரசு வகுத்த விதிகள், 1 முதல் 5ஆம் வகுப்பு வரை 1 கிலோமீட்டர், 6 முதல் 8 வரை 3 கிலோமீட்டர் நடைதூரத்துக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. நடைதூரம் என்ற அந்தச் சொல்லை அடிக்கோடிட்டு வாசியுங்கள். அதைவிட முக்கியமான ஒன்றும் அங்கே இருக்கிறது. மேடுபள்ளமான நிலம், மண்சரிவு, வெள்ளம், சாலை இல்லாமை, வழியில் சிறு குழந்தைக்கு ஆபத்து ஆகியவை இருக்கும் இடங்களில் இந்தத் தூர வரம்பைக் குறைத்து, அந்த ஆபத்தைத் தவிர்க்கும்படி பள்ளியை அமைக்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது. ஒரு குழந்தை நான்குவழிச் சாலையைக் கடந்து போக வேண்டியிருந்தால் அந்த 1 கிலோமீட்டர் 1 கிலோமீட்டர் அல்ல. விதியில் இருப்பதை நடைமுறைக்குக் கொண்டுவர வழிவாரியான வரைபடம் வேண்டும். அது இல்லாமல் ஓர் அதிகாரி எந்தப் பள்ளியை மூடலாம், எதைப் பக்கத்துப் பள்ளியோடு இணைக்கலாம் என்று முடிவெடுப்பது எனக்குக் கவலையளிக்கிறது.

இப்போது கொள்ளிடக் கரைக்கு வருகிறேன். அரியலூர் மாவட்டத்தின் தெற்கு விளிம்பில், வடகரையில் ஒரு சிற்றூர், பெயர் வேண்டாம். மாணவர்கள் சிலரோடு வழிகளைப் பதிவு செய்யப் போயிருந்தோம். கைபேசியின் ஜிபிஎஸ்ஸை ஓடவிட்டு, ஊர்க்காரர் ஒருவர் முன்னே நடக்க, நாங்கள் பின்னே நடப்போம். நடந்த தடம் கோடாகப் பதிந்துவிடும். திண்ணையில் இருந்த எழுபது வயது அம்மாவிடம் ஒரு மாணவி, "ஆயா, ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவீங்க?" என்று கேட்டாள்.

"எப்பக் கேக்குற? மாசி பங்குனின்னா ஆத்துல எறங்கி மணல்லயே நடந்து அக்கரைக்குப் போயிடுவோம். கொள்ளிடத்துல தண்ணி விட்டுட்டா பஸ்ஸுதான். பஸ்ஸு வரலன்னா கசாயந்தான்."

அந்த ஒரு பதிலில் இருந்த மூன்று செய்திகளும் எங்கள் கணினியில் இல்லை. ஆற்று மணலை எந்த வரைபடமும் வழியாகக் கொள்வதில்லை. ஆனால் ஆண்டில் சில மாதங்கள் அது வழி. பஸ் வரும் நேரத்துக்கும் வராத நேரத்துக்கும் வேறுபாடு உண்டு. மூன்றாவது செய்தி எங்களை அதிகம் உறுத்தியது. அவர் போகும் ஆஸ்பத்திரி அக்கரையில், தஞ்சாவூர் மாவட்டத்தில் இருக்கிறது. நாங்கள் அரியலூர் மாவட்டத் தரவை மட்டும் எடுத்து வந்திருந்தோம். மாவட்ட எல்லையில் வரைபடத்தை வெட்டினால், எல்லையோர ஊர்களின் கணக்கு முழுவதும் தப்பாகிவிடும். இக்கரையில் தொலைவிலுள்ள நிலையத்தை அவருடையது என்று எழுதுவோம்; அக்கரை நிலையத்தில் இவரும் வரிசையில் நிற்பதை மறப்போம். ஆறுகள் மாவட்ட எல்லைகளாக இருக்கும் நாட்டில் இது சின்னப் பிழை அல்ல. எல்லைக்கு வெளியே குறைந்தது ஒரு மணி நேரப் பயணத் தூரம் வரை தரவை எடுத்துக்கொண்டுதான் கணக்கைத் தொடங்க வேண்டும்.

அதே ஊரில் இன்னொன்று. தெருக்கோடியிலிருந்து அங்கன்வாடிக்குக் குழந்தைகள் வாய்க்கால் கரை வழியே போய், மதகுச் சுவரின் மேல் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு தாண்டுகிறார்கள். இணைய வரைபடத்தில் அந்தக் கரை இல்லை. பழைய கிராம வரைபடத்தில் வண்டிப்பாதையாக இருந்தது. இந்த அறக்கட்டளையின் நிறுவனர் போன்றவர்கள் வெயிலில் நின்று வரைந்த கிராம வரைபடங்களையும் புலப்படங்களையும் மின்வரைபடத்தோடு பொருத்திப் பார்ப்பது நம் மாநிலத்தில் உடனடியாகச் செய்யக்கூடிய வேலை. செயற்கைக்கோள் படத்தில் மரநிழல் மறைக்கும் பாதையை அவர்கள் காலால் நடந்து எழுதிவைத்திருக்கிறார்கள்.

இழைகள் கிடைத்துவிட்டால் அடுத்து வேகம். பெரும்பாலான மென்பொருள்கள் நடையை மணிக்கு 5 கிலோமீட்டர் என்று எடுத்துக்கொள்கின்றன. அது திடமான இளைஞரின் நடை. முதியவர் பலர் விநாடிக்கு 0.8 மீட்டருக்கு மேல் நடப்பதில்லை. இளைஞருக்கு 12 நிமிடமாகும் 1 கிலோமீட்டர், அவருக்கு 21 நிமிடம். ரேஷன் கடையிலிருந்து அரிசியைத் தலையில் வைத்துத் திரும்பும்போது இன்னும் கூடும். மலைக்கு வேறு கணக்கு. வால்டோ டோப்ளர் 1993இல் தந்த வாய்பாட்டின்படி, லேசான இறக்கத்தில் மணிக்கு 6 கிலோமீட்டர் வரை போகும் நடை, 100 மீட்டருக்கு 30 மீட்டர் ஏறும் சரிவில் 2 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிவிடுகிறது. கொடைக்கானல் மலைச்சரிவில், நெடுங்காலம் சாலையே இல்லாமல் இருந்த வெள்ளக்கெவியில் நோயாளியை டோலி கட்டித் தூக்கி வந்த நேரத்தை எந்த வட்டம் காட்டும்? மலையூர்களுக்குக் கிலோமீட்டர் என்ற அலகே பொருந்தாது. நிமிடத்தில் எழுதுங்கள், ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று.

போய்ச் சேர்ந்தால் மட்டும் போதுமா என்ற கேள்வியும் உண்டு. மருத்துவம் எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் குறைவாகக் கிடைக்கிறது என்று வேல்ஸ் நாட்டு மருத்துவர் ஜூலியன் டூடர் ஹார்ட் 1971இல் எழுதினார். 10 நிமிடத்தில் எட்டும் மருத்துவமனையில் ஒரே மருத்துவர் இருந்து, வாசலில் இருநூறு பேர் நின்றால் அந்த 10 நிமிடத்துக்குப் பொருள் குறைவு. இதற்கு இரண்டு படிகளில் ஒரு கணக்கு இருக்கிறது. முதலில் ஒவ்வொரு மருத்துவமனையையும் 30 நிமிடத்தில் எட்டக்கூடிய மக்களை எண்ணி, அங்குள்ள மருத்துவர்களைப் பங்கிடுவது. பிறகு ஒவ்வொரு ஊரும் 30 நிமிடத்தில் எட்டும் எல்லா மருத்துவமனைகளின் பங்குகளையும் கூட்டுவது. எட்டும் தூரமும் கூட்ட நெரிசலும் ஒரே எண்ணுக்குள் வந்துவிடும்.

வசதி என்றதும் அரசுக் கட்டடங்களை மட்டும் எண்ணிவிடுகிறோம். டைக்ஸ்ட்ராவின் முறை அச்சான அதே 1959இல், அமெரிக்க நகர்த்திட்ட அறிஞர் வால்டர் ஹேன்சன், ஓர் இடத்தின் மதிப்பு அங்கிருந்து எத்தனை வாய்ப்புகளை எட்டலாம் என்பதில் இருக்கிறது என்று எழுதினார். பக்கத்து வேலைவாய்ப்புக்கு அதிக மதிப்பெண், தொலைவிலுள்ளதற்குக் குறைவு, எல்லாவற்றையும் கூட்டினால் அந்த இடத்தின் எண். அடையாறு, கூவம் கரைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்களை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்துக்குப் போனவர்கள் பலர். குடிசை போய் அடுக்குமாடி வீடு வந்தது. கதவு, கழிப்பறை, மின்சாரம் எல்லாம் வந்தன. ஆனால் முன்பு மயிலாப்பூரிலோ மந்தைவெளியிலோ நடந்துபோய் மூன்று வீட்டில் வேலை செய்துவிட்டு, மதியம் பிள்ளைக்குச் சோறு போடத் திரும்பிய பெண்ணுக்கு, இப்போது அந்த மூன்று வீடுகளும் ஏறத்தாழ இருபது கிலோமீட்டருக்கு அப்பால். இரண்டு பஸ் மாறி முதல் வீட்டுக்குப் போவதற்குள் காலை வேலை முடிந்திருக்கும். வேலையை விட்டவர்கள் உண்டு. குடும்பங்களை இடம் மாற்றும் எந்தக் கோப்பிலும், பழைய இடத்திலிருந்து 45 நிமிடத்தில் எட்டிய வேலைகள் எத்தனை, புதிய இடத்திலிருந்து எத்தனை என்ற இரண்டு எண்களும் இருந்தாக வேண்டும். அந்த எண்கள் இல்லாத கோப்பில் கையெழுத்திடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

செலவும் தூரம்தான். 2021 முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த ஒரு முடிவு, எந்தச் சாலையும் போடாமல் பல லட்சம் பெண்களின் சமநேரக் கோட்டை வெளியே தள்ளியது. பஸ்ஸுக்குக் காசில்லாமல் நடந்தவர் இப்போது ஏறிப் போகிறார். பிகாரில் 2006இல் உயர்நிலைப் பள்ளிச் சிறுமிகளுக்குச் சைக்கிள் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அதை ஆராய்ந்து, சிறுமிகளின் சேர்க்கை 32 சதவீதம் உயர்ந்ததையும், ஆண்–பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்ததையும் கண்டார்கள். பள்ளி 3 கிலோமீட்டரோ அதற்கு மேலோ தள்ளியிருந்த ஊர்களில்தான் பயன் மிகுதி. பள்ளி நகரவில்லை; பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையிலிருந்த நேரம் சுருங்கியது.

இன்னும் ஒரு விலை உண்டு. அதை எந்த மென்பொருளும் தானாகப் போடாது. விளக்கில்லாத தெரு, டாஸ்மாக் கடை இருக்கும் முக்கு, ஆளில்லாத தோப்பு. இருட்டிய பிறகு டியூஷன் விட்டு வரும் பெண்பிள்ளை அந்த வழியை விட்டுச் சுற்றித்தான் வருவாள். குறுகிய வழி என்று கணினி காட்டுவது அவளுக்கு வழியே இல்லை. ஆகவே வரைபடத்தைப் பெண்களிடம் கொடுத்து, இருட்டில் போகாத தெருக்களைச் சிவப்பில் கோடிடச் சொல்லுங்கள். அந்த இழைகளை நீக்கி இரவு வரைபடம் ஒன்று தனியாகத் தயாரியுங்கள். தெருவிளக்கை எங்கே போடுவது என்று அதற்குப் பிறகு யாரும் கேட்க வேண்டியிருக்காது.

இதற்கெல்லாம் பெரும் பணம் தேவை என்று நினைத்துவிடாதீர்கள். கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம். 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் திறந்து கிடக்கிறது. நைரோபியின் கிபேரா குடிசைப்பகுதி, பொதுமக்கள் கையிலிருந்த வரைபடங்களில் வெற்றிடமாகவே இருந்தது. 2009இல் அங்குள்ள இளைஞர்கள் ஜிபிஎஸ் கருவிகளோடு நடந்து, சந்துகளையும் தண்ணீர்க் குழாய்களையும் மருந்தகங்களையும் தாங்களே வரைந்தார்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: வீடுகளின் இருப்பிடத்தோடு பெயரையும் நோயையும் சாதியையும் சேர்த்துப் பொதுவில் போடாதீர்கள். வழிகள் பொதுச் சொத்து. வீட்டுக்குள் இருப்பது அல்ல.

முடிவை வெளியிடும்போது சராசரியில் நிறுத்திவிடாதீர்கள். ஊரின் சராசரி 14 நிமிடம் என்று அறிக்கை சொல்லலாம். அதே ஊரின் காலனித் தெருவுக்கு அது 40 நிமிடமாக இருக்கலாம். தெருவாரியாகப் பிரித்து எழுதினால்தான் எந்தத் தெரு எப்போதும் பட்டியலின் கடைசியில் வருகிறது என்பது தெரியும்.

இந்த வரைபடத்தின் பெரிய பயன், இல்லாததைப் போட்டுப் பார்க்கலாம் என்பது. புதிய துணை சுகாதார நிலையம் ஒன்றைக் கணினியில் நட்டுப் பார்க்கலாம். அதற்குப் பதிலாக வாய்க்காலின் குறுக்கே ஒரு சின்ன நடைபாலத்தைப் போட்டுப் பார்க்கலாம். சில ஊர்களில் அந்த நடைபாலம், ஒரு கட்டடத்தைவிட அதிக வீடுகளை 15 நிமிடத்துக்குள் கொண்டுவந்துவிடும், செலவும் குறைவு. எந்த ஊரில் எது என்பது போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் கூட வேண்டும். இங்கே அமர்ந்திருக்கும் துறை மாணவர்கள் ஓர் ஊராட்சியை எடுத்துக்கொண்டு, இரண்டு கிராம சபைகளுக்கு இடைப்பட்ட காலத்தில் வழிகளை நடந்து பதிவு செய்து, தெருவாரியாக நிமிடங்களைக் கணக்கிட்டு, பெரிய தாளில் அச்சிட்டு, ஊராட்சி அலுவலகத்திலும் ரேஷன் கடையிலும் மாட்டலாம். பக்கத்தில் நூலில் கட்டி ஒரு பேனாவும் தொங்கட்டும். "இந்த வழி மழையில் கிடையாது", "இங்கே முள்வேலி போட்டுவிட்டார்கள்" என்று ஊர்க்காரர் எழுதுவார்கள். அதையெல்லாம் சேர்த்து மறுபடி கணக்கிட்டு, அடுத்த கிராம சபையில் தீர்மானத்தோடு இணைத்து மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பலாம். இந்த ஆண்டே தொடங்குவதானால், முதல் ஊராட்சியின் களப்பணிக்கு நானும் கூட நடக்க வருகிறேன். தேதியைத் துறைத்தலைவர் சொல்லட்டும்.